அரியர் வைத்தவனுக்கு ஓர் உதவித்தொகை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2012-இல் வெளியே போன எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் 'பெருசு' என்று ஒருவன் இருந்தான். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் 'யாரு அது?' என்பார்கள். பெருசு என்றால் ஹாஸ்டல் வாட்ச்மேன் முதல் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் வரை தெரியும். எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். அதனால்தான் அந்தப் பட்டம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஓசூரில் இறந்துபோனான். வயது 32. மனைவி, ஒரு பெண் குழந்தை, ஊரில் அம்மா. அந்த மாதம் யார் வீட்டுத் துக்கத்துக்கும் யாராலும் போக முடியாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்களும் போகவில்லை.

அந்தக் குறை மனதில் கிடந்ததாலோ என்னவோ, 41 பேர் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். அவன் நினைவாக நம் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை. பணம் சேர ஆறு மாதம்தான் ஆனது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

விதிமுறை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் டெண்டர் ஷரத்துகள் எழுதிப் பிழைக்கிறவன், அதனால் இவன்தான் சரி என்று. நானும் நாலைந்து இடத்து விண்ணப்பப் படிவங்களைப் பார்த்து, ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். சராசரி மதிப்பெண் 8 புள்ளிக்கு மேல் இருக்க வேண்டும். நிலுவைத் தாள், அதாவது அரியர், ஒன்றுகூட இருக்கக் கூடாது. குடும்ப வருமானம் இவ்வளவுக்குக் கீழே. வேறு உதவித்தொகை எதுவும் பெறக் கூடாது. அனுப்பி வைத்தேன். 41 பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒரு பொங்கலுக்கு மறுநாள் ஊருக்குப் போனேன். அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஊர். அம்மா முப்பது வருஷமாக முந்திரி உடைக்கிறவர். அந்த ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகையே இருக்காது. காப்பி கொடுத்தார். நான் பையிலிருந்து தாளை எடுத்து, பெரிய மனுஷன் மாதிரி வாசித்தேன். இரண்டாவது விதி வந்ததும் நிறுத்தினார்.

"அரியர்னா என்னப்பா?"

"ஃபெயிலான பேப்பர்மா. மறுபடி எழுதணும்ல, அது. நம்ம பெருசுக்கே மொத செமஸ்டர்ல மூணு..." என்று சொல்லிக்கொண்டே போனவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"எம்புள்ள ஃபெயிலானானா?"

அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாக, அவன் செத்த பிறகும்கூட, தெரியாது. கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த வருஷம் கோட லீவுக்கு அவன் வராம இருந்தது இதுக்குத்தானா? ஸ்பெசல் கிளாசுன்னு சொன்னான். கூடப் படிக்கிற புள்ளைங்களப் பாத்து அவனுக்கு நம்ம ஊடு புடிக்காமப் போயிருச்சின்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கணக்குச் சரியாக ஓடியது. நான் எழுதிய விதிப்படி பெருசின் பெயரால் வைத்த பணம் பெருசுக்கே கிடைக்காது.

அவன் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 2006-இல் பிளஸ் டூ முடித்தான், தமிழ் வழி, அரசுப் பள்ளி, நல்ல மார்க். அந்த வருஷம் நுழைவுத் தேர்வு இருந்தது. கோச்சிங் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போய் எழுதினான். மார்க் வரவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டான். 2007-இல் நுழைவுத் தேர்வையே அரசு எடுத்துவிட்டது, பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றாகிவிட்டது. பட்டறையில் இருந்தவனுக்கு அது மறு வருஷம்தான் தெரிந்தது. அப்படித்தான் 2008-இல் எங்களோடு வந்து சேர்ந்தான்.

ஒர்க்‌ஷாப் வகுப்பில் அவன்தான் ராஜா. நாங்கள் டூலை எந்தப் பக்கம் மாட்டுவதென்று முழித்துக்கொண்டிருக்கும்போது அவன் டேப்பர் டர்னிங் முடித்துவிட்டு எங்கள் வேலையையும் பார்த்துக் கொடுப்பான். டிராயிங்கிலும் கவலையில்லை. மற்ற வகுப்பில்தான் வாயடைத்துப் போவான். ஒருநாள் ராத்திரி ஹாஸ்டல் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நான் நோட்டில் ஒரு டிடர்மினன்ட் எழுதினேன். எட்டிப் பார்த்தவன், "அட நாசமாப் போனவனே, இது அணிக்கோவைடா!" என்று கத்தினான். மூன்று வாரமாக வகுப்பில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, ஏதோ புதுசு என்று பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். ஐகன் வேல்யூ என்றால் கடைசியில் ஓர் அணிக்கோவையைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தி லாம்டாவைக் கண்டுபிடிப்பதுதானே. அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்றால் விழிப்பான், நிலைமத் திருப்புத்திறன் என்றால் சூத்திரமே சொல்வான். அறிவு ஒரு பெட்டியில் இருந்தது, பரீட்சை வேறு பெட்டியில் நடந்தது. நமக்குப் பின்னால் 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. எங்களுக்கு அது இல்லை.

2009 பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. கணக்கு, கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் மூன்றும் போய்விட்டது. அன்று ராத்திரியே டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டான். பட்டறைக்கே திரும்பிப் போகிறேன் என்றான். பஸ்ஸுக்கு என்னிடம் 100 ரூபாய் கேட்டான். நான் இல்லை என்றேன். இதை நட்புக்காகச் சொன்ன பொய் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணம், கொடுத்தால் திரும்பி வராதே என்றுதான் அப்படிச் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு யாரும் அறையில் இல்லை. மறுநாள் சனி, அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை பெட்டியை அவிழ்த்துவிட்டான். அவன் இன்ஜினியரானதற்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

கோடை லீவில் ஊருக்குப் போகாமல் இங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ராத்திரி படிப்பு. கெமிஸ்ட்ரியும் இங்கிலீஷும் இரண்டாவது முறையில் போயின. கணக்கு மட்டும் நின்றது.

அந்த ஆகஸ்டில் வெளியார் ஒருவர் ஏற்படுத்தியிருந்த உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்டார்கள், 5,000 ரூபாய். நானும் பெருசும் ஒரே பேனாவில் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தோம். அவன் படிவம் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது, 'நிலுவைத் தாள் உள்ளது' என்ற சிவப்பு மைக் குறிப்போடு. எனக்குக் கிடைத்தது. அப்பா பேங்க் கிளார்க். வருமானச் சான்றிதழில் நாங்கள் எப்படியோ கோட்டுக்குக் கீழே வந்துவிட்டோம். அந்தப் பணத்தில் நான் செல்போன் வாங்கினேன். "டேய், டிரீட் எப்படா?" என்று பெருசுதான் முதலில் கேட்டான். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், நாலு சாப்பிட்டான். மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல் பட்டறைக்குப் போனான். நாள் கூலி 150. அந்தக் கணக்குத் தாளை நவம்பரில், மூன்றாவது முறையில் பாஸ் செய்தான். அந்த 5,000 கிடைத்திருந்தால் முப்பது சனிக்கிழமை அவன் பட்டறைக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்பதை நான் பல வருஷம் கழித்துத்தான் வகுத்துப் பார்த்தேன்.

இப்போது விதிமுறைக்கு வருவோம். நான் இரண்டாவது விதியைத் தலைகீழாக மாற்றி, 'முதல் வருஷம் அரியர் வைத்தவருக்கே கொடுக்கப்படும்' என்று எழுதி அனுப்பியதும் ஒரு வாரம் சண்டை. வெளிநாட்டில் இருக்கும் நண்பன், "பெருசு பேர்ல ஒரு கோல்டு மெடல் வைக்கலாம்னு பாத்தா, தோத்தவனுக்குப் பரிசு தர்றியே, நல்லாப் படிக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் நம் கல்லூரியில் முதல் மாணவருக்குப் பரிசு ஏற்கனவே இருக்கிறது. முதல் மாணவரைத் தேடிக் கம்பெனிகளும் வருகின்றன. பெருசின் பெயரால் அதே ஆளுக்கு இன்னொரு தட்டு வைப்பதில் பெருசுக்கு என்ன சம்பந்தம்?

இன்னொருவன், ரொம்ப ஏழையாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம், அரியர் பேச்சே வேண்டாம் என்றான். அதுவும் தப்பில்லை. ஆனால் யார் ரொம்ப ஏழை என்று கண்டுபிடிக்கப் போனால், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதித் தர வேண்டியிருக்கும். நன்றாக எழுதத் தெரிந்தவன் ஜெயிப்பான். பெருசு இங்கிலீஷில் ஃபெயில். தவிர, நாங்கள் படித்த காலத்தில் இல்லாத பல ஏற்பாடுகள் பிறகு வந்திருக்கின்றன. 2010-11-இல் சேர்ந்தவர்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022-இல் புதுமைப்பெண், 2024-இல் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். உள்ளே வருவதற்கான கதவு எங்கள் காலத்தைவிட அகலமாகத்தான் இருக்கிறது. உள்ளே வந்து முதல் ஆறு மாதத்தில் தடுக்கி விழுகிறவனுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தனியார் பரிசுப் படிவங்களில் நான் பார்த்த வரைக்கும் அந்தச் சிவப்பு மைதான்.

சரி, அரியர் வைத்தவன் எல்லாம் பெருசா? சினிமாவுக்குப் போய் அரியர் வைத்தவர்கள் இந்த அரங்கத்திலேயே ஐம்பது பேர் இருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், பட்டியல் என்னிடம் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தது எங்கள் வகுப்பில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தி. "டேய், கிளாசுக்கு வந்து தோத்தவன் வேற, வராம தோத்தவன் வேற. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் எதுக்குடா இருக்கு?" என்றாள். எங்களில் பாதிப் பேர் பரீட்சை எழுதத் தேவையான 75 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றவர்கள். பெருசு ஒரு வகுப்புக்கூட விட்டதில்லை. ஒன்றும் புரியாமல் ஆறு மாதம் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். ஆக, முதல் செமஸ்டரில் 90 சதவீதத்துக்கு மேல் வருகை, ஆனால் இரண்டு தாளுக்குக் குறையாமல் போயிருக்க வேண்டும். இதுதான் எங்கள் ஆள்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாசத்தில் பத்து நாள் ஊருக்கு ஓடுகிற பெண்பிள்ளைக்கு ரெஜிஸ்டரில் 78 சதவீதம்தான் இருக்கும். அவளை இந்த விதி தள்ளிவிடும். அதனால் மூன்றில் ஓர் இடத்தை மட்டும் விதிக்கு வெளியே வைத்திருக்கிறோம். ஒர்க்‌ஷாப்பிலும் லேபிலும் இருக்கும் ஊழியர்களும் ஹாஸ்டல் மேற்பார்வையாளரும் கூடிப் பேசிச் சொல்லும் பெயருக்கு அது போகும். பிள்ளைகள் யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடவில்லை என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

ரொம்ப நாள் இழுத்த சண்டை வேறு. எப்போது கொடுப்பது? விழுந்து எழுந்த பிறகா, விழுந்தவுடனேயா? அரியர் எல்லாம் பாஸ் செய்த பிறகு கொடுத்தால் அது பரிசு. பணம் வீணாகாது, போட்டோவும் நன்றாக இருக்கும். முதலில் எல்லாரும், நான் உள்பட, அப்படித்தான் நினைத்தோம். ஆனால் பெருசு கணக்கில் பாஸ் செய்த நவம்பரில் அவனுக்கு அந்தப் பணம் அவ்வளவு தேவைப்படவில்லை. பெட்டியைக் கட்டியது பிப்ரவரியில். ஆகவே முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பத்து நாளுக்குள் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். பாஸ் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. படிப்பை விட்டுப் போனால் திருப்பிக் கேட்கப் போவதும் இல்லை. வாங்கிய மூன்று பேரில் ஒருவர் அதையே பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போகலாம். போகட்டும். எங்கள் 41 பேரில் ஆறு பேருக்கு இது இன்னும் சம்மதமில்லை. அவர்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றார்கள். ஆனால் முணுமுணுப்பு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

மேடையில் கொடுக்கப் போவதில்லை. எந்த அடிப்படையில் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போவதும் இல்லை. விண்ணப்பமும் இல்லை. ரெஜிஸ்டரையும் ரிசல்ட்டையும் பார்த்துத் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்புவார், பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருப்பதை நாம் சொல்லிவிடக் கூடாது. நான் ஒருமுறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அது போதும். விதியை இந்த மலரில் போட்டுவிட்டு ரகசியம் என்கிறாயே என்று கேட்பீர்கள். விதி தெரியலாம், பெயர் வெளியே வரக் கூடாது.

பிறகு இதை இங்கே பேசலாமா என்று அவன் மனைவியிடம் கேட்டேன். "சொல்லுங்கண்ணா. மூணு அரியர் வச்ச கதைய கல்யாணம் ஆன மொத வாரமே என்கிட்ட சொல்லிட்டார். அத்தைகிட்டதான் கடைசி வரைக்கும் பயம்" என்றார். அம்மா இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை. "பணத்த எந்தப் புள்ளைக்கி வேணா குடுங்க, கோட லீவுக்கு ஊட்டுக்குப் போவச் சொல்லிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். அதை விதியாக எழுத முடியாது. துறைத் தலைவர் வாயால் சொன்னால் போதும்.

கடைசியாகப் பணக்கணக்கு. 6 லட்சத்தை வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருஷம் 42,000. அசலைத் தொடவே மாட்டோம், சூரிய சந்திரர் உள்ளவரை நடக்கும் என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் எப்போதோ 2,000 ரூபாய் போட்டு வைத்த பரிசுகள் நிறைய கல்லூரிகளில் உண்டு. அதே 7 சதவீதத்தில் இன்றைக்கு வட்டி 140 ரூபாய். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம்கூடப் போட முடியாது. அசலையும் சேர்த்துப் 12 வருஷத்தில் தீர்த்துவிடுவது என்றால் வருஷம் 75,000 வரும். மூன்று பேருக்கு ஆளுக்கு 25,000. ஒரு பிள்ளை ஒரு வருஷம் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகாமல் இருக்க அது போதும். 12 வருஷத்தில் எங்களில் பலர் ஐம்பதை நெருங்கிவிடுவோம். அதற்குமேல் பெருசை நேரில் தெரிந்தவர்கள் துறையிலும் இருக்க மாட்டார்கள். நான் 12 வருஷக் கட்சி. என்றைக்கும் நடக்கட்டும் என்கிற கட்சியில் 17 பேர் இருக்கிறார்கள், அவன் மகளும் ஒருநாள் வந்து பார்க்கட்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதற்குச் சரியான பதில் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை முடிக்கப் போகிறோம். முதல் மூன்று பேருக்குப் பணம் அடுத்த ரிசல்ட்டுக்குப் போயாக வேண்டும். கூட்டு வட்டி போடத் தெரிந்த அண்ணன்மார்கள், அக்காமார்கள் யாராவது வந்தால் சௌகரியமாக இருக்கும். எங்கள் வகுப்பை நம்பினால் மறுபடி அரியர்தான்.